நான்கு வெள்ளைக் கதவுகள்

முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பழைய ஜப்பானியத் தொலைக்காட்சித் தடையோட்ட நிகழ்ச்சியை மறுபடி எடுக்கும் முதல் காலை. சேற்றுக் குளத்துக்கு அப்பால் நூறு போட்டியாளர்கள் தலைக்கவசம் மாட்டுகிறார்கள். இந்தப் பக்கம் காகிதம் ஒட்டிய நான்கு வெள்ளைக் கதவுகள்; ஓடிவருபவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்து முட்டிக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். ஒட்டியபின் நீர் தெளித்தால், காய்கிறபோது காகிதம் மேளத்தோல் போல விறைத்துக்கொள்ளும். அதனால் மூன்றின் பின்னால் வெறும் காற்று, ஒன்றின் பின்னால் மெல்லிய பஞ்சு வைத்த பலகை என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. எந்த அடியையும் முதலில் உதவி இயக்குநர் வாங்கிப் பார்ப்பது இங்கே வழக்கம். இன்று அந்த உதவி இயக்குநர் ஷியோமி. பலகை எதுவென்று அவளுக்கும் சொல்லவில்லை.

"பயந்து பயந்து ஓடினா சோதனை செல்லாது. மாடு மாதிரி போ!" என்கிறார் இயக்குநர் குஜிராய். "மாட்டுக்குக் கொம்பு இருக்கு சார்" என்றபடி ஷியோமி ஓடுகிறாள். மூன்றாவது கதவு. முகமும் தோளும் ஒன்றாக மோதுகின்றன, மரம் அதிர்கிறது, அவள் மல்லாந்து விழுகிறாள். வாயெல்லாம் இரும்புச் சுவை. "பல்லு இருக்கா?" "இருக்கு சார்." "அப்போ பஞ்சு போதும்." அதன்பிறகுதான் குஜிராய் கதவைப் பார்க்கிறார். கிழியாத காகிதத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். "போச்சு! பலகை இதுதான்னு நூறு பேருக்கும் தெரிஞ்சிடுமே!" புதுக் காகிதம் காய ஒரு மணி நேரமாகும். அப்பால் போட்டியாளர்களை அழைக்கும் விசில் ஒலிக்கிறது.

ஷியோமி எழுகிறாள். மூக்கைத் துடைக்காமல், மூச்சை அடக்கி, முதல் கதவில் முகத்தை மெல்ல ஒற்றி எடுக்கிறாள். பிறகு இரண்டாவதில். நான்காவதற்கு வரும்போது ரத்தம் நின்றுவிட்டது. கையை மடக்கி, தன் மூக்கில் தானே ஓங்கி ஒரு குத்து விடுகிறாள்.