ஒரு நாள் தூரம்

டொரன்டோவிலிருந்து சென்னைக்கு வர, நடுவில் விமானம் மாறி, முழுசாக ஒரு நாள் ஆகும் என்று மகன் மணிமாறன் ஏழு வருடமாகப் போனில் சொல்லிவந்தான். "அவ்வளவு நேரம் உட்கார்ந்தே வந்தா புள்ளைக்குக் கால் வீங்கிடும். வரவேண்டாம்னு சொல்லு" என்பார் படுக்கையில் கிடந்த அவன் அப்பா செண்பகராமன், மனைவியிடம்.

இன்று விடிந்ததும் அவர் இறந்துபோனார். மனைவி தையல்நாயகி மகனுக்குப் போனில் தகவல் சொன்னாள். அவன் வந்து சேர நாளைக்கு ஆகிவிடுமே என்று ஐஸ் பெட்டிக்கும் சொல்லி அனுப்பினாள். மத்தியானம், பெட்டி வருவதற்கு முன்பே, மகன் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினான். கையில் பைகூட இல்லை. வீட்டில் உடுத்துகிற கசங்கிய சட்டையோடு ஓடிவந்திருந்தான்.

"எந்த ஃப்ளைட்டுடா இது? எனக்கும் ஒரு டிக்கெட் போடேன்" என்றாள் அவனுடைய அத்தை.

அவன் அப்பாவின் மேல் விழுந்து கதறினான். தையல்நாயகி அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீக்கமே இல்லை.

"பெட்டியை எங்கம்மா இறக்கட்டும்?" வண்டிக்காரர் வந்து கேட்டார்.

"திருப்பிக் கொண்டு போயிடுப்பா" என்றாள். "தூரத்துலேர்ந்து வரவேண்டியவங்க யாரும் இல்ல."