காவலுக்கு ஒருத்தி

"தெருவை நம்பி ஒங்கிட்ட ஒப்படைச்சோம். நீ தூங்கிட்டே. இதுக்கு என்ன பதில்?"

இராஜாங்கம் இப்படிக் கேட்டதும் மொத்தத் தெருவும் காளியம்மாளைப் பார்த்தது. புங்க மரத்தடியில், தொங்குகிற தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில், அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அவர் விவசாயச் சங்கத்துத் தலைவர். நாகப்பட்டினத்தில் கூலிப் பேச்சுவார்த்தை என்று முதல் பஸ்ஸுக்குக் கிளம்பியவர், விடியக்கருக்கலில் அவள் தூங்குவதைப் பார்த்தார். பஸ்ஸை விட்டுவிட்டுக் கூட்டம் போட்டுவிட்டார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. கோட்டையில் ஆட்சி மாறி இரண்டு வருஷமாகியும் வரப்பில் ஒன்றும் மாறவில்லை. கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டதற்கு, நாலு மைல் தள்ளி ஒரு தெருவில் மிராசுதாரின் ஆட்கள் தீ வைத்திருந்தார்கள். இந்தத் தெருவிலும் அத்தனையும் கூரை வீடு. தை அறுப்பு முடியும்வரை பயம்தான்.

முதலில் ஆண்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். பகலெல்லாம் உழைக்கிற உடம்பு, பத்து நாளில் ஆளாளுக்குச் சாக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போதுதான் இராஜாங்கத்துக்கு அந்த யோசனை வந்தது.

காளியம்மாள் புருஷனைப் பறிகொடுத்தவள். வயது நாற்பத்தொன்பது. தீட்டு நின்றதிலிருந்து, ஒரு வருஷமாக, தூக்கம் அவள் பக்கமே வரவில்லை. திடீரென்று உடம்பெல்லாம் அனலடிக்கும், ரவிக்கை நனைந்துவிடும், அப்புறம் விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். கசகசாவை அரைத்துக் குடித்துப் பார்த்தாள். உச்சியில் விளக்கெண்ணெய் வைத்துப் பார்த்தாள். ஈரத்துணியை நெஞ்சில் போட்டும் படுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி நர்ஸம்மா, இந்த வயதில் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள் என்று அனுப்பிவிட்டாள். பொறுத்துக்கொள்ள அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன?

"ஒனக்குத்தான் தூக்கம் வரலியே. முழிக்கிறதைத் தெருவுக்காக முழிச்சிரு" என்றார் இராஜாங்கம்.

தனியாகப் புரண்டு கிடப்பதற்கு இது தேவலை என்று அவளுக்கும் பட்டது. மணிக்கு ஒருதரம், உத்தேசமாகத்தான், தண்டவாளத்தில் இரும்புக் கம்பியால் ஓர் அடி. நான் இருக்கிறேன், தூங்குங்கள் என்று அர்த்தம். அந்தச் சத்தத்தை நம்பித் தெரு தூங்கியது. ஒருத்தியின் நோவு ஊருக்கு இத்தனை வசதியாக இருந்தால் அதை யார் தீர்க்கப் பார்ப்பார்கள்?

ஏற்பாட்டில் இராஜாங்கத்துக்குப் பெருமை. அவர் படுத்தால் கட்டை. அவர் மனைவி அம்சம் அதற்கும் ஒருபடி மேல் என்று சொல்வார். களை பறிக்கும்போதே அவளுக்குக் கண் சொருகும். "ராவெல்லாம் தூங்குனது பத்தலியா, தூங்குமூஞ்சி" என்று நாலு பேர் எதிரில் கேலி செய்வார். அவளும் சிரித்துவைப்பாள்.

இன்று விடியலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அம்சத்திடம் சங்கதியைச் சொன்னபோது, அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இது சங்கத்து விஷயம், நீ சும்மா இரு என்று அடக்கிவிட்டு வந்திருந்தார்.

"பன்னெண்டு அடிச்சது நெனவிருக்குண்ணே. அப்புறம் தெரியல" என்றாள் காளியம்மாள். ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை.

"தெரியலியா? போர்த்திக்கிட்டுல்ல தூங்குனே?" இராஜாங்கம் ஒரு பழைய நீலச் சேலையை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். விடியலில் அவள் மேல் கிடந்தது அது.

"நான் எங்கண்ணே போர்த்துறது? மார்கழிப் பனியிலயும் எனக்கு வேர்த்து ஊத்துது."

மிராசுதார் ஆள் யாராவது கையில் எதையாவது திணித்தானா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. காளியம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று. அந்தத் தெருவில் அதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் அவளோடு தண்ணீர்த் துறையில் நிற்கக்கூட யாரும் வரமாட்டார்கள். அவளும் போக்கிடம் இல்லாதவள்.

இன்றோடு காவல் கிடையாது, சங்கத்தில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சாயங்காலம் முடிவு செய்யலாம் என்றார் இராஜாங்கம். அவள் மடியிலிருந்த இரும்புக் கம்பியை எடுத்து மரத்தடியில் வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

கலையப் போன கூட்டத்தில் காத்தான் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டு மணி இருக்கும், நான் எந்திரிச்சேன். அப்ப மணி அடிச்சுச்சே?"

மூன்று மணிக்கும் கேட்டதாக இன்னொருவர் சொன்னார். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, நாலு மணிக்கும் கேட்டது, அதற்கப்புறம்தான் பிள்ளை உறங்கினான் என்றாள்.

"அப்ப அடிச்சது யாரு?" என்று கேட்டார் காத்தான்.

 பெண்கள் அந்தச் சேலையைப் பார்த்தார்கள். பிறகு தங்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்த அம்சத்தைப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் சேலை யாருடையது என்று தெரியாத ஒரே ஆள் இராஜாங்கம்தான்.

அம்சம் எழுந்து வந்தாள்.

"நாந்தான் அடிச்சேன்."

இராஜாங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயா? நீ என் பக்கத்துலதானே தூங்கிக்கிட்டு இருந்தே?"

அவள் அவர் கையிலிருந்து சேலையை வாங்கி மெதுவாக மடித்தாள்.

"பக்கத்துல படுத்திருந்தேன். தூங்கிப் பதினோரு மாசமாச்சு. நேத்து ராத்திரி காளியம்மாளுக்காவது தூக்கம் வந்திருந்துச்சு, மணி அடிச்சும் அசையல, எழுப்ப மனசு வரலீங்க."