மூன்று வரை எண்ணுவேன்

வைக்கோல் தொப்பிக்காரர் அவளுடைய முகத்தின் மேலேயே தும்மிவிட்டு, ஏதோ ஜோக் அடித்துவிட்ட மாதிரி சிரித்தார்.

நல்லவேளை, முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தகடு இருந்தது. துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து ஊரான் தும்மலைத் துடைப்பதே பிழைப்பாகப் போயிற்று.

துறைமுகக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, கப்பலேற வந்தவர்களின் மூக்கில் குச்சியை விட்டுப் பார்க்கும் வேலை. ஒரு கோடு வந்தால் கையில் பச்சைப் பட்டை கட்டி உள்ளே அனுப்ப வேண்டும். இரண்டு வந்தால் வீட்டுக்கு.

கப்பல் எங்கேயும் போகப்போவதில்லை. எந்த ஊர்த் துறைமுகமும் இன்னும் உள்ளே விடுவதாக இல்லை. கடலில் நாலு நாள் சுற்றிவிட்டு இங்கேயே திரும்பி வரும். அதுவும் இன்று கிளம்புமா என்பது யாருக்கும் தெரியாது. தேதி சொல்லித் தள்ளிவைத்து, மறுபடி சொல்லி மறுபடி தள்ளிவைத்தாயிற்று. அந்தக் கோபத்துக்கும் அவளிடம்தான் சண்டைக்கு வந்தார்கள், கப்பலை அவள்தான் கயிறு போட்டுக் கட்டிவைத்திருப்பது போல.

ஆஸ்பத்திரியில் இன்னும் கட்டில் கிடைப்பதில்லை. இங்கே ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு செல்ஃபி. வீட்டுக்குள் அடைந்துகிடந்து அலுத்துவிட்டதாம் பாவம்.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த எண்ணிக்கைதான்.

அசையாதீங்க, மூணு வரை எண்ணுவேன் என்பாள். ஒண்ணு என்பாள். ரெண்டு என்னும்போதே குச்சி உள்ளே போய்விடும். மூன்றுக்காகத் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும் ஆள் துள்ளிவிடுவார். எவ்வளவு பெரிய மனிதரானாலும் துள்ளுவார். அம்மாவின் வித்தை அது. பிள்ளைகளின் கண்ணுக்கு மருந்து விடும்போது அம்மா ஒருநாளும் மூன்றைத் தொட்டதில்லை.

தொப்பிக்காரரும் துள்ளினார். பட்டையைக் கட்டிக்கொண்டு போனார். அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தான்.

அவளுடைய அண்ணன்.

பூப்போட்ட சட்டை, புதுச் செருப்பு. பின்னால் அண்ணி, கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு.

வாசற்படி தாண்டுவதில்லை என்று போனில் சொல்லும் அண்ணன். காய்கறியைக்கூடக் கழுவி வெயிலில் காயவைத்துத்தான் உள்ளே எடுக்கிறோம் என்று சொல்லும் அண்ணன். அம்மா நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் வரவில்லை. இனி எங்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் அம்மாவை இவள் வீட்டுக்கு அனுப்பிய பிறகும் வரவில்லை. பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று டாக்டர் சொன்னதைப் போன வாரம் அவனிடம் சொன்னாள். படியிறங்க நினைத்தாலே கைகால் உதறுகிறது என்று அழுதான். அந்த அழுகைக்கு அவளும் இரங்கிப்போனாள்.

சின்னதிலிருந்தே அவன் பயந்தாங்கொள்ளிதானே என்று அம்மா மூச்சு வாங்க வாங்க அவனுக்கு வக்காலத்து வாங்கினாள். ஆனால் இன்று காலையில், கட்டிலை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னாள். இவள் திருப்பிப் போட்டுவிட்டு, லீவு கிடைக்காததால் பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள்.

தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, மாஸ்க், கண்ணாடி, அதற்கு மேல் தகடு. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. வேலை பார்க்கும் லேப்பிலிருந்து அவளை இங்கே அனுப்பியிருப்பதும் அண்ணனுக்குத் தெரியாது. அண்ணா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். வழக்கமான பேச்சுதான் வந்தது.

அசையாதீங்க. மூணு வரை எண்ணுவேன். ஒண்ணு.

ரெண்டு.

குச்சி போய் வந்தது. அண்ணன் கண்ணை மூடிச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். பார்க்கச் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தான், அதுவும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கோடு விழுவதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா. கடைசியாக, வீட்டிலோ நெருங்கிய சொந்தத்திலோ யாராவது உடம்பு முடியாமல் இருக்கிறார்களா.

"யாரும் இல்லீங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க."

வாய் கூசவில்லை அவனுக்கு.

இரண்டாவது கோடு வரட்டும் என்று ஆசைப்பட்டாள். அப்படி ஆசைப்பட்டதில் தன்மேலேயே ஒரு வெறுப்பு வந்தது. ஒரு கோடுதான் வந்தது. பச்சைப் பட்டையை அவன் மணிக்கட்டில் அவளே கட்டிவிட்டாள்.

முன்பின் தெரியாதவளிடம் குடும்பக் கதையை யார் சொல்வார்கள் என்று சமாதானம் செய்துகொண்டாள். எதிரே இருப்பது தங்கை என்று தெரிந்திருந்தால் அவன் இப்படிச் சொல்லியிருக்கமாட்டான். நிச்சயமாகச் சொல்லியிருக்கமாட்டான். அம்மாவிடம் தானும் எதையும் சொல்லப்போவதில்லை. அவனுக்குத் தெரியாது என்ற அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த குச்சியைப் பிரித்தாள்.

அண்ணி வந்து உட்கார்ந்தாள். ஒண்ணு. ரெண்டு.

அண்ணி நாற்காலியோடு துள்ளினாள். கண்ணில் நீர் முட்ட அவளை முறைத்தாள்.

"மூணுன்னுதானே சொன்னீங்க?"

அவள் அண்ணியைத் தாண்டிப் பார்த்தாள். அண்ணன் பச்சைப் பட்டையைத் திருகியபடி, இந்தப் பக்கம் திரும்பாமல் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

காலையிலிருந்து துள்ளாதவன் அவன் ஒருவன்தான். ஒண்ணு என்றதுமே கண்ணை மூடிக்கொண்டு, ரெண்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தான்.