இடுப்பில் ஒரு ஊசி

ஜெனிவால் வாயை ஆவென்று திறந்து காட்டினான். ஓங்கி ஒரு அறை விட வேண்டும் என்று டாக்டர் மார்லூசியா வருஷக்கணக்காக ஆசைப்பட்ட வாய் அது. இப்போது வீடியோ வைத்தியத்தில் அவளுடைய கணினித் திரை நிறைய, கேட்பாரற்றுத் திறந்து கிடந்தது.

கருவாரு ஊர் மாதா கோயிலில் அவள் தங்கை டல்வாவைக் கல்யாண உடையோடு காக்க வைத்துவிட்டு, அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவன் இவன். கல்யாண கேக்கைச் சொந்தக்காரர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே தின்று தீர்த்தார்கள். டல்வா இன்னமும் தனிக்கட்டை. போன வாரம்கூடத் தொண்டை கட்டி, "நீ வராத அக்கா, ஒட்டிக்கும். மருந்து மட்டும் எழுதி அனுப்பு" என்று போனில் கரகரத்தாள்.

அந்தக் கல்யாணச் சமயத்தில் மார்லூசியா வெளியூரில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஜெனிவால் அவளை ஒரே ஒரு தடவை பார்த்ததுதான். இப்போது குட்டை முடி, கண்ணாடி, வெள்ளைக் கோட்டு. அவனுக்கு அடையாளம் தெரிந்ததாகத் தெரியவில்லை. வசதியாகப் போயிற்று.

"டார்ச்சைக் கொஞ்சம் மேல பிடிங்க. ம், நல்லா வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிருக்கு. காய்ச்சலும் இருக்குன்னீங்க."

"மருந்துக் கடையில சீட்டு இல்லாம அமாக்ஸிசிலின் மாத்திரை தர மாட்டேங்கறான் டாக்டரம்மா. சனிக்கிழமை புனித ஜோவான் திருவிழாவுல மேடைக் கச்சேரி. அதுல பாடினாத்தான் எனக்கு வருஷம் பூரா சோறு."

"பென்சிலின் ஒத்துக்காம உடம்பு தடிச்சது, மூச்சு முட்டினதுன்னு எப்பவாவது உண்டா?"

பக்கத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான். "இல்லைங்க."

ஒவ்வொரு கேள்விக்கும் அப்படித்தான், பக்கத்துப் பையன் விடைத்தாளை எட்டிப் பார்க்கிறவன் மாதிரி. சுவரில் ஒரு நிழல் அசைந்தது. எவளோ ஒருத்தி. பாவம், அவளுக்கும் கேக் சொல்லி வைத்திருப்பான்.

"வீட்டுல வேற யாருக்காவது தொண்டை வலி?"

"கூட இருக்கறவளுக்கு இருந்துச்சு. மாத்திரையிலயே சரியாயிடுச்சு. எனக்கும் மாத்திரையே போதும்."

"ஆரம்பிச்சா கடைசி மாத்திரை வரைக்கும் சாப்பிடுவீங்களா?"

மறுபடி பக்கத்துப் பார்வை. "கொஞ்சம் தேவலைன்னா விட்டுடறது வழக்கம்தான்."

இதற்குத்தான் காத்திருந்தாள்.

"பாதியில விட்டுட்டு ஓடற ஆளுங்களை நம்பி மாத்திரை எழுத முடியாது. இடுப்புல பென்சிலின் ஊசி ஒண்ணு. அதோட முடிஞ்சுது."

ஜெனிவாலின் முகம் வெளுத்தது. அந்த ஊசியின் பேரைச் சொன்னால் அந்த ஊரில் மீசை வைத்தவர்களே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுப்பார்கள். மருந்து கஞ்சி மாதிரி மெதுவாக இறங்கும். அப்புறம் உட்காரும்போதெல்லாம் டாக்டரின் ஞாபகம் வரும்.

"டாக்டரம்மா, மேடையில நான் எப்படி உட்கார்றது?"

"அக்கார்டியனை நின்னுக்கிட்டு வாசிச்சா வாசிக்காதா?"

அக்கார்டியன் என்று அவன் சொல்லவே இல்லை என்பது அவளுக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது. அவனோ அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. கிருமி சாகும், தொண்டை ஆறும், சனிக்கிழமை பாடுவான். கூடவே கொஞ்சம் நொண்டுவான். நொண்டக் கூடாது என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் எழுதவில்லை.

"சுகாதார நிலையத்துல போட்டுக்கிட்டு உடனே கிளம்பிடாதீங்க, கொஞ்ச நேரம் அங்கேயே உட்காருங்க. மூச்சு முட்டினா நர்ஸைக் கூப்பிடுங்க" என்றாள். பழி வாங்கினாலும் பத்திரமாக வாங்க வேண்டும் அல்லவா.

"உட்காரணுமா?" என்று முனகினான் ஜெனிவால். "டாக்டரம்மா, முன்ன மாதிரி இல்லைங்க நான். இப்பல்லாம் எதையும் பாதியில விடறதில்ல. திருந்திட்டேன்."

"அதுக்கு யாரு சாட்சி?"

திரை ஆடியது. கூரை தெரிந்தது, அப்புறம் சுவர். பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"நான்தான்க்கா. மாத்திரையே எழுதிக் குடுத்துடு."