மலரக்காவின் விசாரணை

மலரக்கா இன்றைக்கும் வந்துவிட்டாள். கையில் கறிபாப் தட்டு, வாயில் கேள்வி.

"சொவத்துல தொங்குற போட்டோவுல இருக்கிற பையன் யாரு கஸ்தூரி?"

"ஐலீனோட அண்ணன், பிராண்டன். நியூசிலாந்துல இருக்காரு."

சொன்ன பிறகுதான் கஸ்தூரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐலீன் தன்னோடு குடித்தனம் வைத்த நாளிலிருந்து பேச்சை முறித்தவன் அவன். கூடப் பிறந்த பாசம், படத்தைக் கழற்ற ஐலீனுக்கு மனசு வரவில்லை. அதெல்லாம் இவளுக்கு எதற்கு?

மூன்று வருஷமாக அடுத்த வீட்டில் இருப்பவள். அந்த வீடியோவுக்குப் பிறகுதான் இப்படித் தோண்டுகிறாள்.

பாலர் பள்ளியில் அன்னையர் தின விழா. மேடையிலிருந்து இறங்கி வந்த மகள் லோஷினி ஒரு ரோஜாவைக் கஸ்தூரியிடம் கொடுத்தது, இன்னொன்றை ஐலீனிடம். "எனக்கு ரெண்டு அம்மா" என்று மைக்கில் வேறு சொல்லிவைத்திருந்தது. நாலு வயசுக்கு என்ன தெரியும்? எவனோ படம்பிடித்துப் போட்டான். உலு திராம் ஊரே பார்த்தது. இதுவா நம்ம பண்பாடு, பிள்ளையைப் பிடுங்கி ஹோமில் போடு என்று முகம் தெரியாத ஜனமெல்லாம் தீர்ப்புச் சொன்னது.

வாடகை வீடு போனால் போகட்டும், வேறு வீடு பார்க்கலாம். பிள்ளை போனால்?

இந்த நேரத்தில்தான் இவள். ஐலீனுக்குச் சிங்கப்பூரில் என்ன வேலை? அவள் அப்பா எந்தத் தோட்டம்? லோஷினி பிறந்தது கூலாயிலா? போதாததற்கு, மத்தியானமானால் பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் குசுகுசுவென்று பேசுகிறாள். நேற்று, தாமான் குடியிருப்புச் சங்கத் தலைவர் மனோகரன் வீட்டு வாசலில் இவள் நின்றதை ஐலீன் பார்த்திருக்கிறாள்.

சண்டாளி, கறிபாப் கொடுத்தே கழுத்தை அறுக்கிறாள்.

நினைத்து முடிக்கவில்லை, மனோகரனின் கார் வாசலில் நின்றது. சத்தம் கேட்டு ஐலீனும் லோஷினியும் வெளியே வந்தார்கள்.

"அந்த வீடியோ பத்தி எல்லாரும் என்னையக் கேக்குறாங்கம்மா. இந்தப் பிள்ளைக்கு அப்பா யாரு?"

கஸ்தூரி ஐலீனைப் பார்த்தாள்.

"அலமாக், இதுக்கா கார் எடுத்துட்டு வந்தீங்க?" மலரக்கா முந்திக்கொண்டாள். "சொல்லலாம்னு நேத்து வந்தேன், நீங்க வீட்டுல இல்ல. அப்பன் பேரு பிராண்டன், ஐலீனோட அண்ணன். நியூசிலாந்துல வேலை. அண்ணி தனியா இருக்குமேன்னு ஐலீன் தொணைக்கு இருக்கு. போட்டோ உள்ள தொங்குது, வந்து பாருங்க லா."

கஸ்தூரி கதவை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

மனோகரன் வாசலில் நின்றபடியே படத்தை எட்டிப் பார்த்தார். பிறகு லோஷினியிடம் குனிந்து, ஐலீனைக் காட்டினார்.

"இவங்க உனக்கு யாரும்மா?"

கஸ்தூரிக்கு உயிரே போய்விட்டது.

லோஷினி கையைக் கட்டிக்கொண்டது. பள்ளியில் பாட்டு ஒப்பிக்கும்போது நிற்பதுபோல நின்றது.

"அத்தை."

மனோகரனின் முகம் தெளிந்தது. ஒரு கறிபாப்பை எடுத்துக் கடித்துக்கொண்டே போய்க் காரில் ஏறினார்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்" என்றாள் மலரக்கா, தணிந்த குரலில். "வீட்டுக்குள்ள எப்பயும் போல கூப்புடட்டும். வெளிய மட்டுந்தான் அத்தைன்னு சொல்லிக் குடுத்திருக்கேன்."

கஸ்தூரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். இவளையா சந்தேகப்பட்டோம்!

ஐலீன் அழவில்லை. தரையில் மண்டிபோட்டுக் கையை விரித்தாள். "வாடா செல்லம்."

எப்போதும் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளை, இன்றைக்கு ஓடிவரவில்லை. வாசல் கேட்டுவரை போய்த் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது.

திரும்பி வந்து, ஐலீனின் காதில் மெதுவாகச் சொன்னது.

"அம்மா."