பக்கத்து வீட்டு விக்கெட்டுகள்

“வீட்டுப் படம் போட்ட பட்டனைப் பத்துச் செக்கன் அமத்திப் பிடியுங்க ராத்தா. ரிமோட்டில லைட் மின்னுதா?”

“மின்னுது தம்பி. டீவியிலதான் ஒண்டையும் காணல்ல!”

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சுஹைரா கத்தினாள். மறுமுனையில் எலெக்ட்ரோனிக் கடை ரிஷாத்.

மணி நாலே கால். நாலரைக்கு தோஹாவில் தம்பி அர்ஷாக்கின் நிக்காஹ். அதை நேரடியாகப் பார்க்கத்தான், டீவிக்குப் பின்னால் செருகுகிற ‘ஸ்டிக்’ ஒன்றைத் தம்பி அனுப்பியிருந்தான். நேற்றுவரை நல்ல பிள்ளையாக இருந்த ரிமோட், மத்தியானம் பற்றரி மாற்றியதிலிருந்து அடம்பிடிக்கிறது. வெண்ணெய் திரளும்போதுதானே தாழி உடையும்.

கதிரையில் ஆமினா உம்மா. புதுச் சேலை, அத்தர் வாசம். இடுப்பெலும்பு முறிந்ததால் பிளேன் ஏற முடியவில்லை. கண்ணும் மங்கல். போனில் காட்டினால் அவருக்கு மகனும் ஒன்றுதான், மாலையும் ஒன்றுதான்.

“தொடங்கிட்டாங்களா புள்ள?”

“இன்னும் இல்ல உம்மா.”

சுஹைரா மறுபடி பட்டனை அமுக்கினாள்.

“ஐயோ...!”

பக்கத்து வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. அது வேலாப்போடி வீடு. இன்றைக்கு கிரிக்கெட் இறுதிப் போட்டி. தெருவில் பாதிப் பேர் அங்கேதான். அவர் வீட்டுக் கூரைப் பீலியின் தண்ணீர் இவள் முற்றத்தில் விழுந்ததில் வாய்த்தர்க்கம் வந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று மூன்று மாதம்.

“நாம இங்க உசிரைக் கையில பிடிச்சிக்கிட்டு இரிக்கிறம். அவங்களுக்கு மெட்ச்!”

“ஸ்டிக்குக்குப் போற ப்ளக்கைக் கழட்டிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்க ராத்தா” என்றான் ரிஷாத்.

கழற்றினாள். போட்டாள். பற்றரியைத் திருப்பிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அமுக்கினாள்.

“ஐயையோ...!”

“அடுத்த விக்கெட்டும் போச்சு போல. நல்லாத் தோக்கட்டும்!”

கதவு தட்டப்பட்டது. ஜன்னலைத் திறந்தால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலாப்போடி நின்றார்.

“பிள்ள, ஒரு கதை...”

“இப்ப ஏலாது ஐயா! பீலிக் கதையை நாளைக்குக் கதைப்பம்!”

ஜன்னல் படாரென்று மூடியது. இரண்டு நிமிடத்தில் மறுபடி தட்டினார். சுஹைரா திரும்பியும் பார்க்கவில்லை. கல்யாண நேரத்தில் சண்டைக்கு வருகிறாரே மனுஷன்!

“ராத்தா, இன்னொரு கோல் வருது. அஞ்சு நிமிசத்தில எடுக்கிறன்” என்று ரிஷாத்தும் கைவிட்டான்.

நாலு இருபத்தெட்டு. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். சுஹைராவுக்கு விரலும் அடங்கவில்லை. அமுக்கினாள், அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டில் ஒரே ஒப்பாரி.

“பரவாயில்ல புள்ள” என்றார் உம்மா மெதுவாக. “நீ போனைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சொல்லு. காது கேக்குதுதானே.”

சுஹைராவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வீடு திடீரென்று அடங்கிப்போனது. ஒரு சத்தமும் இல்லை.

கடைசியாக ஒருதரம், பத்துச் செக்கன் பட்டனைப் பிடித்தாள்.

‘ரிமோட் இணைக்கப்பட்டது’ என்று டீவியில் எழுத்து வந்தது.

நேரலையைத் திறந்தாள். திரை முழுக்க அர்ஷாக்கின் முகம். பெண்ணின் வாப்பா அவன் கையைப் பிடித்திருந்தார். அவன் சம்மதம் சொன்ன அந்த ஒரு நிமிடத்தில் உம்மா கண்ணே இமைக்கவில்லை.

“இளைச்சிட்டான்” என்று மட்டும் சொன்னார். சிரித்தார், அழுதார். பிறகு துஆ முடிந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மஸ்கட் அல்வாத் துண்டுகளைத் தட்டில வை. முதல்ல பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டு வா.”

“அவங்களுக்கா?”

“கலியாண வீட்டு இனிப்பு மதிலைப் பார்த்து நிக்காது. போ.”

வேண்டாவெறுப்பாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வீட்டில் இன்னும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தோற்றே போய்விட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது.

கதவு திறந்துதான் கிடந்தது. பெரிய டீவி கறுப்பாக நின்றது. ஒரு சின்னப் போனைச் சுற்றிப் பதினைந்து தலைகள் முட்டிக்கொண்டிருந்தன, அதுவும் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு.

வேலாப்போடியின் மகன் லோஜன் நிமிர்ந்தான்.

“அக்கா, இண்டைக்கு மத்தியானம்தான் நாங்களும் அதே ஸ்டிக்கை வாங்கிப் பூட்டினம். உங்கட ரிமோட் எங்கடதைப் பிடிச்சிட்டுது. நீங்க அமத்த அமத்த எங்கட மெட்ச் மறைஞ்சு மறைஞ்சு போச்சு. நீங்க ரிமோட்டோட கத்தினது கேட்டு அப்பா ரெண்டு தரம் வந்து தட்டினவர். பிறகு ரிஷாத் அண்ணனுக்குக் கோல் எடுத்தார். அவர்தான் உங்கட நிக்காஹ் விசயத்தைச் சொன்னவர். எங்கட ஸ்டிக்கைக் கழட்டினாத்தான் உங்கட டீவி வேலை செய்யுமாம்.”

சுஹைரா தட்டை மெல்ல மேசையில் வைத்தாள்.

சுவரோரம் வேலாப்போடி நின்றார். கீழே வைத்தால் யாராவது செருகிவிடுவார்கள் என்ற பயத்தில், ப்ளக்கைக் கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தார்.

“உம்மா மகனை வடிவாப் பார்த்தவவா பிள்ள?” என்று கேட்டார். “கடைசி ஓவர் ஒண்டு கிடக்கு. இனி இதைச் செருகலாமா?”