தண்ணீர் ஏற ஏற

பிணம் கிடத்தும் ஐஸ்பெட்டியை வாடகைக்கு விடும் தனபால், ஒரு பழைய மூடியின் அக்ரிலிக் பலகையை மட்டும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான். அதன் மேலெல்லாம் கீறல்கள். மகள் தாரிணி அந்தப் பெட்டிக்குள் கிடந்த அன்று, மனைவி வாசுகியின் வளையல்கள் அடித்து அடித்து விழுந்தவை.

தாரிணி பக்கெட்டில் விட்டுப்போன மீன்கள் குட்டி போட்டுப் பெருகி, இப்போது நெரிசலில் மேலே வந்து வாயைப் பிளந்தன. அவற்றுக்காக ஒரு தொட்டி செய்தான். முன்பக்கத்துக்கு அந்தப் பலகை, மற்ற பக்கங்களுக்குப் புதியவை. துடைத்துத் துடைத்துத் தேய்ந்துவிடுமே என்று கீறல்களை உள்பக்கமாகத் திருப்பி ஒட்டி, மூலைகளில் சிலிக்கானைப் பிதுக்கி விரலால் வழித்துவிட்டான்.

காய்ந்த பிறகு தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் ஏற ஏறக் கீறல்கள் மறைந்துகொண்டே வந்தன. நிறைந்தபோது பலகை புதுசு போல இருந்தது.

“ஒரு சொட்டுகூட ஒழுகல” என்று முதல் மீனை வலையில் அள்ளிக்கொண்டு வந்தான் தனபால்.

வாசுகி பலகையை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். பிறகு தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினாள். கீறல்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன. கையை எடுக்காமலே சொன்னாள்.

“என்னங்க, தண்ணிய எறக்கிடுங்க.”

வலையில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது.